சத்தியமங்கலத்தின் சாம்பல் கட்டங்கள்

கோயம்புத்தூரில் இறங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில் மூன்று பேர் என்னிடம் பொய் சொன்னார்கள். வாடகைக் கார்க்காரர், "பத்தே நிமிஷமுங்க, போயிரலாம்" என்றார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. தங்கும் விடுதியில், "சுடுதண்ணி இப்ப வந்துருமுங்க" என்றார்கள். மறுநாள் காலையில் வந்தது. சாப்பாட்டுக் கடையில், "காரம் கம்மிதானுங்க" என்று சொல்லி ஊற்றிய குழம்பில் என் கண்ணும் மூக்கும் சேர்ந்து ஒழுகின. மூவரும் அத்தனை பணிவாகச் சொன்னதால் எனக்குக் கோபமே வரவில்லை. என் அலுவலக நண்பர்கள் இதை நம்ப மாட்டார்கள். நான் கோபப்படாமல் முடிந்த நாட்கள் குறைவு.

எங்கள் சிங்கப்பூரில் ஒரு காரியம் ஆகாது என்றால் "முடியாது" என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டு, வரிசையில் அடுத்த ஆளைப் பார்ப்பார்கள். மூன்று தலைமுறையாக அங்கே இருக்கும் குடும்பம் எங்களுடையது. வீட்டில் தமிழ்தான் என்றாலும் அந்த வெடுக்கென்ற பேச்சு எங்களோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. இங்கே பத்து நாள் நான் பேசியதைக் கேட்டவர்களெல்லாம் நான் யார் மேலோ கோபமாக இருப்பதாகவே நினைத்திருக்கிறார்கள். அதையும் கடைசியில்தான் சொன்னார்கள்.

1999-ஆம் ஆண்டு, ஆடி மாதம். கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனை. அதற்குச் சத்தியமங்கலத்தில், பவானி ஆற்றுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு சின்னக் கிளை. கிளையில் குழந்தை மருத்துவர் கிடையாது. அங்கே வரும் குழந்தையைக் கோயம்புத்தூரில் இருந்தபடியே டாக்டர் பார்க்க வேண்டும். அதற்காக இரண்டு ஊருக்கும் இடையே ஆன்டெனாக்கள் வைத்து, கம்பியில்லாமல் படம் அனுப்ப ஏற்பாடு. அதைச் சரிபார்க்கத்தான் எங்கள் ஆய்வுக்கூடம் என்னை அனுப்பியது.

என் வேலையைச் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை, ஆனால் விஷயம் எளிது. அசையும் படத்தைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரித்துக் காற்று வழியே அனுப்புகிறோம். ஒவ்வொரு படத்தையும் முழுதாக அனுப்ப இடம் போதாது. அதனால் முதலில் ஒரு முழுப் படம் போகும். பிறகு அதிலிருந்து எது மாறியதோ அது மட்டும் போகும். வழியில் சில பொட்டலங்கள் தொலையும். ஒன்று தொலைந்தால் அந்த இடம் கெடும். அடுத்த படம் அந்தக் கெட்டதன் மேலேயே கட்டப்படுவதால் அதுவும் கெடும். சற்று நேரத்தில் மூக்கு காதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

இதைத் தடுக்க நாங்கள் பல வேலை செய்வோம். அவ்வப்போது முழுப் படத்தை மறுபடி அனுப்புவோம். கேடு பரவாமல் இருக்க நடுநடுவே வேலி போடுவோம். அப்படியும் ஓட்டை விழுந்த கட்டங்களில், அதே இடத்தில் சற்று முன் இருந்த படத்தை எடுத்து ஒட்டிவிடுவோம். இந்த ஒட்டு வேலை என்னுடையது. நான்கு வருடம் இதிலேயே கிடந்தேன். ஒட்டு எங்கே இருக்கிறது என்று எவராலும் கண்டுபிடிக்க முடியாது என்பதில் எனக்கு அவ்வளவு கர்வம். திரும்பும்போது இங்கே ஓடிய படத்தை வீடியோ நாடாவில் பதிந்து கொண்டுவரச் சொல்லியிருந்தார் என் மேலதிகாரி. ஒரு மாநாட்டில் போட்டுக் காட்டுவதாகத் திட்டம்.

இரண்டாம் நாள் மருத்துவமனைக்குப் போனேன். குழந்தை மருத்துவர் டாக்டர் பொன்னுசாமிக்கு ஐம்பது வயதிருக்கும். "வாங்க அம்மிணி, சாப்பிட்டீங்களா?" என்றுதான் தொடங்கினார். சாப்பிட்டேன் என்று சொன்னதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு ரோஸ்ட் வந்தது. ரோஸ்ட் என்றால் முறுகலான தோசை. என் முழங்கை நீளம். போதும் என்றதற்குப் பிறகு இன்னொன்று வந்தது. எங்கள் ஊரில் போதும் என்றால் தட்டை எடுத்துவிடுவார்கள். குடிக்கக் கொடுத்த சிறுவாணித் தண்ணீர் மட்டும் அவர்கள் பீற்றிக்கொண்ட அளவுக்கு உண்மையிலேயே இனித்தது.

ஆன்டெனா வேலைகளைப் பார்த்துக்கொண்டவர் அன்வர். கோட்டைமேட்டுக்காரர். டிவி, ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவரை மருத்துவமனை இழுத்துப் போட்டுக்கொண்டது. மொட்டை மாடியில் நின்று, அவர் காட்டிய திசையில் வடக்கே பார்த்தேன். காற்று என்னைத் தள்ளியது. எங்கள் சோதனையெல்லாம் குளிரூட்டிய இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நடந்தது. பிழைகளைக் கூட நாங்களே கணினியில் தயாரித்துப் போட்டுக்கொண்டோம். இங்கே ஆடிக் காற்று அந்த வேலையை இலவசமாகச் செய்தது.

பதினொரு மணிக்குச் சத்தியமங்கலத்திலிருந்து படம் வந்தது. அஞ்சலட்டை அளவுப் படம். ஒரு பையனின் தொண்டையை டாக்டர் பார்த்தார். பேச்சு மட்டும் சாதாரணத் தொலைபேசியில். எதிர்முனையில் நர்ஸ் எஸ்தர்.

"படம் எப்படி இருக்கு டாக்டர்?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்குதுங்க அம்மிணி. ரொம்ப நல்லா இருக்குதுங்க."

அன்றைக்கு வழியில் தொலைந்த பொட்டலங்களின் கணக்கை என் கணினி காட்டியது. கொஞ்சநஞ்சமல்ல. அவ்வளவு தொலைந்தும் பையனின் முகத்தில் ஒரு கீறல் இல்லை. நான் பெருமையாக அன்வருக்கு விளக்கினேன். தொலைந்த இடத்தில் பழைய படம் எப்படி வந்து உட்காருகிறது என்று கையை ஆட்டிச் சொன்னேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, "அப்ப காலேஜ்ல வராத பையனுக்கு ஃப்ரெண்டு ப்ராக்ஸி குடுக்கற மாதிரிங்களா மேடம்?" என்றார்.

"அதேதான்!" என்று சிரித்தேன்.

"வாத்தியாருக்குத் தெரியவே தெரியாதுங்களா?"

"தெரியாதபடி செய்யறதுதான் என் வேலை."

"ஆகா" என்றார் அன்வர். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

நான்காம் நாள், சத்தியமங்கலத்துக் கருவியில் ஒரு மின்சுற்று அட்டையை மாற்ற வேண்டியிருந்தது. ஜீப் வந்துவிடும், வந்துவிடும் என்று ஆறு மணியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜீப் ஒர்க்‌ஷாப்பில் பிரித்துப் போட்டுக் கிடக்கிறது என்பதை ஏழு மணிக்கு அன்வர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். காந்திபுரத்தில் பஸ் ஏறினோம். உட்கார இடமில்லை. நெஞ்சோடு அந்த அட்டை இருந்த பெட்டியை அணைத்துக்கொண்டு நின்ற என்னை ஜன்னலோரத்துப் பெண்மணி ஒருவர் பார்த்தார்.

"ஏனுங்கம்மிணி, அதை இப்படிக் குடுங்க. மடியில வெச்சுக்கறனுங்க."

என் நான்கு வருட வேலை அந்தப் பெட்டியில் இருந்தது. சிங்கப்பூரில் ரயிலில் என் பையை முன்பின் தெரியாதவர் கேட்டால் நான் போலீசைக் கூப்பிடுவேன். ஆனால் இங்கே நிற்பவர்களின் பையெல்லாம் உட்கார்ந்திருப்பவர்களின் மடியில் இருந்தது. ஒருவர் மடியில் தூக்குவாளி, இன்னொருவர் மடியில் வேறு யாருடைய குழந்தையோ. கொடுத்துவிட்டேன். அன்னூர் தாண்டி டயர் வெடித்தபோது அந்த அம்மாள் பெட்டியை விடவில்லை. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"அஞ்சு நிமிஷமுங்க" என்றார் கண்டக்டர். ஒரு மணி நேரம் புளியமரத்தடியில் நின்றோம். பெட்டியம்மாள் தன் பையிலிருந்து ஒப்புட்டு எடுத்துக் கொடுத்தார். தேங்காயும் வெல்லமும் உள்ளே. "போதுமுங்க" என்று நானும் 'ங்க' போட்டுப் பார்த்தேன். அப்போதும் இன்னொன்று வந்தது.

சத்தியமங்கலத்தில் முதலில் அன்வர் ஒரு தென்னையைக் காட்டினார். கிளையின் ஆன்டெனாவுக்கு நேர் எதிரே, பக்கத்துத் தோட்டத்தில். காற்றில் அதன் ஓலைகள் ஆடும்போதெல்லாம் எங்கள் பொட்டலங்கள் தொலைந்தன. தோட்டக்காரரிடம் இரண்டு ஓலையை மட்டும் கழிக்கலாமா என்று நானே கேட்டேன். "அதுக்கென்னங்க, கழிச்சுப்போடலாமுங்க" என்று உடனே சொல்லி, இளநீர் வெட்டிக் கொடுத்தார். வெளியே வந்ததும் அன்வரிடம், இவ்வளவு சுலபமான காரியத்தை நீங்கள் ஏன் செய்யவில்லை என்று எரிந்து விழுந்தேன்.

"நான் நாலு தடவை கேட்டுப்போட்டேன் மேடம். நாலு தடவையும் இதேதாங்க சொன்னாரு. அவரு கழிக்க மாட்டாருங்க."

"அப்ப மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"ஊடு தேடி வந்தவங்ககிட்ட அதை எப்படிங்க சொல்லுவாரு?" என்றார் அன்வர், என்னவோ நான் கூடாததைக் கேட்டுவிட்ட மாதிரி.

எஸ்தருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். உள்ளூர்ப் பெண். அவருடைய பெற்றோர் கரும்புக் காட்டுக் கூலி வேலைக்குப் போனவர்கள். குடும்பத்தில் முதல் நர்ஸ் இவர். அறையில் ஒரு கட்டில், அதன் மேலே கேமரா, மூலையில் என் கருவி. அட்டையை மாற்றி முடித்தபோது பதினொன்று அடித்தது.

முதலில் வந்தவள் சரசு. மலைமேல் ஒரு ஊரிலிருந்து எட்டு மாதப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். இரண்டு நாளாகக் காய்ச்சல், இருமல். எஸ்தர் குழந்தையின் சட்டையைக் கழற்றிக் கட்டிலில் கிடத்தினார். டாக்டர் அந்த முனையில் படத்தைப் பார்த்து ஒரு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். அந்த வயதில் ஐம்பதைத் தாண்டினால் நுரையீரலில் சளி என்று சந்தேகம்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூலையில் கருவியின் முன் உட்கார்ந்து, தொலையும் பொட்டலங்களின் எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே தென்னை பேய் மாதிரி ஆடியது. எண்ணிக்கை குதித்துக் குதித்து ஏறியது. அதற்கு முன் நான் பார்த்திராத அளவு. தொலைபேசியில் டாக்டரின் குரல் கேட்டது: "படம் அருமையா இருக்குதுங்க. முப்பத்தெட்டு. பயப்பட ஒண்ணுமில்லைங்க, எஸ்தர். மருந்து குடுத்து அனுப்பிருங்க, ரெண்டு நாள் கழிச்சு வரட்டும்."

"சரிங்க டாக்டர்."

இத்தனை தொலைந்தும் அருமையான படம்! நான் தொடையில் தட்டிக்கொண்டேன். குழந்தை என் முதுகுக்குப் பின்னால் நான்கு அடி தூரத்தில் கிடந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மற்ற குழந்தைகளும் போன பிறகு, என் அறிக்கைக்காக எஸ்தரின் நோட்டைக் கேட்டு வாங்கினேன். எந்த நேரத்தில் எதைப் பார்த்தார்கள் என்று குறித்துக்கொண்டு, தொலைந்த கணக்கோடு பொருத்த வேண்டும். சரசுவின் குழந்தைக்கு நேரே 56 என்று எழுதி, ஒரு கோடு அடித்து, பக்கத்தில் 38 என்று இருந்தது.

"இது என்ன எஸ்தர்? அம்பத்தாறை ஏன் அடிச்சீங்க?"

"அது நான் எண்ணுனதுங்க மேடம். டாக்டர் முப்பத்தெட்டுன்னு சொல்லிப்போட்டாருங்க."

"நீங்க எண்ணுனது தப்பா?"

அவர் அடித்த கோட்டைப் பார்த்தார். "ரெண்டு தடவை எண்ணுனேனுங்க" என்றார்.

"பிறகு ஏன் சொல்லலை?"

"அந்த மெஷின்ல நம்ம கண்ணுக்குத் தெரியாததெல்லாம் தெரியும்னு சொன்னாங்க. டாக்டரும் ஒரு நம்பரைச் சொன்னதுக்கப்பறம் நான் எதுத்துச் சொன்னா நல்லாவாங்க இருக்கும்? நீங்க வேற சிங்கப்பூர்ல இருந்து வந்து உக்காந்திருக்கீங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. படத்தில் அசையாத இடத்துக்கு அனுப்ப எதுவுமே இல்லை. தலையணை, கட்டில், குழந்தையின் தூங்கும் முகம் எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேரும். அசையும் இடத்துக்குத்தான் பொட்டலங்கள் அதிகம். ஆகவே தொலைவதும் அங்கேதான் அதிகம். அந்தப் படத்தில் அசைந்தது ஒன்றே ஒன்று, குழந்தையின் வயிறு. வயிறு ஏறி இறங்கிய பொட்டலங்கள் தென்னை ஓலையில் தொலைந்தன. தொலைந்த இடத்தில் என் கருவி சற்று முந்தைய வயிற்றை எடுத்து, யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி, அழகாக ஒட்டியது. அசையாத வயிற்றைப் பார்த்த டாக்டரின் எண்ணிக்கையில் பதினெட்டு மூச்சு விடுபட்டது. வராத மூச்சுக்கு ப்ராக்ஸி கொடுத்தது நான்.

"சரசு எங்கே?"

"பஸ் ஸ்டாண்டு போயிட்டாங்க. மலைக்குப் பன்னெண்டரைக்கு ஒரு பஸ்ஸுங்க. அதை உட்டா நாளைக்குத்தான்."

மணி பன்னிரண்டு இருபது. ஏறிப் போய்விட்டால், அந்தக் குழந்தை மலைமேல் ஒரு பாட்டில் மருந்தோடு இரண்டு நாள் கிடக்கும். நானும் எஸ்தரும் ஓடினோம். ஆட்டோ கிடைத்தது. ஆட்டோக்காரர், "ரெண்டே நிமிஷமுங்க" என்றபோது நான் வாழ்க்கையில் முதல் முறையாகக் கடவுளை நேரில் அதட்டினேன். இந்த ஒரு தடவையாவது அது ரெண்டு நிமிஷமாக இருக்கட்டும் என்று.

மலை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. சரசு பின்னால் மூன்றாவது வரிசையில். எஸ்தர் அங்கேயே துணியை விலக்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தார். நானும் எண்ணினேன். அப்போதுதான் அந்தக் குழந்தையை முதல் தடவையாகப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. டிரைவர் ஹாரன் அடிக்காமல் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அறுபதில் முடித்தேன், எஸ்தர் ஐம்பத்தெட்டில்.

"இறங்குங்க" என்றேன் சரசுவிடம். என் குரல் வழக்கம்போல் அதட்டலாகத்தான் வந்திருக்கும்.

"ராத்திரியெல்லாம் இப்படித்தானுங்க குழி உழுந்துட்டே இருந்துச்சு" என்றாள் சரசு.

"டாக்டர்கிட்ட ஏம்மா சொல்லலை?"

"அவரு டிவிலயே பாத்துட்டாருங்களே. பாத்தவருகிட்டப் போய் நான் என்னத்தைங்க சொல்றது?"

ஆக, அந்த அறையில் விஷயம் தெரியாத ஒரே ஆள் நான்தான்.

கிளைக்குத் திரும்பி டாக்டரைத் தொலைபேசியில் பிடித்தேன். நான் செய்த ஒட்டு வேலையைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். "நீங்க எண்ணுன படத்துல பாதி நிஜம் இல்லை டாக்டர். நான் போட்டு மறைச்சது." அந்தப் பக்கம் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. "எஸ்தரைக் கூப்பிடுங்க" என்றார். முதல் ஊசியை உடனே போட்டு, வாடகைக் காரில் குழந்தையை அனுப்பச் சொன்னார்.

அந்தக் காரில் நானும் ஏறிக்கொண்டேன். புளியம்பட்டி, அன்னூர் என்று காலையில் வந்த அதே சாலை. காலையில் ஒப்புட்டு தின்ற புளியமரம் வந்தது, போனது. சரசு மடியில் குழந்தை. நான் அதன் வயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இரண்டு மணி நேரம், ஒரு மூச்சைத் தவற விடாமல். நான்கு வருடமாக நான் பார்த்த படங்களில் இவ்வளவு கவனமாக ஒன்றையும் பார்த்ததில்லை. கார் குலுங்கும்போது மூச்சு நின்ற மாதிரி தோன்றும். அப்போதெல்லாம் சரசு என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையை ஆட்டுவேன்.

டாக்டர் பொன்னுசாமி வாசலிலேயே நின்றிருந்தார். குழந்தையை வாங்கி நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவர் குழந்தையோடு உள்ளே விரைந்தார். ஆக்சிஜன் வைத்தார்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் காலையில் நான் கருவியிடம் போகவில்லை. முதலில் குழந்தை வார்டுக்குப் போனேன். ஏழாம் நாள் காலையில் சரசு என்னைப் பார்த்ததும், "பால் குடிச்சுதுங்க" என்றாள். நான் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதுவிட்டு வந்தேன்.

அன்றைக்கே டாக்டரின் அறையில் உட்கார்ந்தோம். அன்வரும் இருந்தார்.

"எம்மேலயும் தப்பு இருக்குதுங்க அம்மிணி" என்றார் டாக்டர். "நான் நம்பரை முதல்ல சொல்லியிருக்கக் கூடாது. நான் சொல்லிப்போட்டா எங்க ஊர்ல அப்பறம் யாருங்க மாத்திச் சொல்லுவாங்க? இனி எஸ்தர் முதல்ல சொல்லட்டும். பொறவு நான் சொல்றேன்."

என் பங்குக்கு நான் என் ஒட்டை எடுத்துவிட்டேன். இனி தொலைந்த கட்டம் சாம்பல் நிறத்தில் தெரியும், தொலைந்தது தொலைந்ததாகவே. ஒரு மதியம்தான் பிடித்தது அந்த மாற்றத்துக்கு. நான்கு வருட வேலையை எடுக்க ஒரு மதியம். ஓட விட்டுப் பார்த்தபோது படம் பார்க்கச் சகிக்கவில்லை. முகம் நன்றாக இருக்க, வயிற்றின் மேல் சாம்பல் சதுரங்கள் மின்னி மின்னி மறைந்தன.

அன்வர் நெடுநேரம் பார்த்தார். "இப்ப வாத்தியாருக்கு யாரு வரலைன்னு தெரியுதுங்க" என்றார்.

ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து என் மேலதிகாரியைக் கூப்பிட்டுச் சொன்னேன். மாநாட்டில் ஓட்டை விழுந்த படத்தையா காட்டுவது என்று கேட்டார். பழைய படத்தை வைத்து நாடாவைப் பதிந்து வா, திருத்தத்தை அப்புறம் பார்க்கலாம் என்றார். நான், "முடியாது" என்றேன். ஒரே சொல். எங்கள் ஊர்ச் சொல். அதன் அருமை எனக்கு அன்றுதான் தெரிந்தது. பூத்துக்காரர் நிமிர்ந்து பார்த்தார். பாவம், யார் மேலோ எனக்குக் கோபம் என்று நினைத்திருப்பார்.

ஒன்பதாம் நாள் மதியம் எஸ்தர் ஏதோ வேலையாகக் கோயம்புத்தூர் வந்தவர், ஒரு தூக்குப் போசியில் அரிசிம்பருப்பு சாதம் கொண்டுவந்தார். அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்து, நெய் விட்டது. இவ்வளவு எளிய சாப்பாட்டுக்கு இவ்வளவு ருசி எங்கிருந்து வருகிறதோ. நாங்கள் இருவரும் அந்த நோட்டைப் பற்றிப் பேசவில்லை. புதிய ஏற்பாடு எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "நல்லா இருக்குதுங்க" என்றார். இந்த ஊரில் அதற்கு எதுவும் அர்த்தமாக இருக்கலாம் என்பது எனக்கு இப்போது தெரியும். அதனால் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

பத்தாம் நாள், விமானத்துக்குச் சில மணி நேரம் முன்பு, கடைசியாக ஒரு தடவை டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்தேன். தோட்டக்காரர் இன்னும் ஓலையைக் கழிக்கவில்லை. காற்று பலமாக இருந்தது. கட்டிலில் ஆறு மாதப் பையன் ஒருவன். வயிற்றின் மேல் சாம்பல் கட்டங்கள் பூத்துப் பூத்து மறைந்தன. டாக்டர் கண்ணைச் சுருக்கி எண்ணினார். நிமிடம் முடிந்தது. ஆர்வத்தில் புதிய ஏற்பாட்டை அவரே மறந்துவிட்டார்.

"நாப்பத்தி மூணு" என்றார் தொலைபேசியில். "சரிதானுங்க எஸ்தர்?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் அவரை முறைத்தேன். தொலைபேசியில் சத்தியமங்கலத்துக் காற்று மட்டும் கேட்டது. படத்தில், கட்டிலின் ஓரத்தில் எஸ்தரின் கை தெரிந்தது. பேனாவைப் பிடித்தபடி நோட்டின் மேல் அப்படியே நின்றது. எதையும் எழுதவில்லை, எதையும் அடிக்கவில்லை. அந்தக் கை இருந்த இடத்தில் ஒரு சாம்பல் கட்டம் விழுந்தது, போயிற்று. கை அங்கேயே இருந்தது.

"இல்லீங்க டாக்டர்" என்றார் எஸ்தர். "அம்பத்தி நாலுங்க."